‘பூச்ச ஓடிருச்சு’ என்கிற பையனுக்கு இரண்டு மொழியால் குழப்பமா?

கேட்டவர் எழுதியதன் சுருக்கம்: “கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவில் எங்கள் வீடு. பையனுக்கு 2 வயது 3 மாதம். நான் பொள்ளாச்சிப் பக்கம், தமிழ்தான். மாமியார் நெம்மாறைக்காரர், அவனிடம் மலையாளம் மட்டும்தான் பேசுவார். வீட்டுக்காரர் இரண்டும் பேசுவார். பையன் இரண்டையும் கலக்கிறான். பூனைக்கு மலையாளத்தில் பூச்ச. என்னிடம் ‘பூச்ச ஓடிருச்சு’ என்கிறான், அச்சம்மாவிடம் (மாமியாரை அப்படித்தான் கூப்பிடுவான்) ‘பூச்ச போயி’ என்கிறான். தண்ணீர் வேண்டுமென்றால் ‘வெள்ளம் தா’. தமிழ் வார்த்தைகளை எண்ணிப் பார்த்தால் நாற்பதுதான் தேறுகிறது. வீட்டில் ஒரே மொழி பேசுங்கள், இல்லாவிட்டால் பேச்சு தாமதமாகும் என்று ஒரு டாக்டர் சொன்னார். மலையாளத்தில் பேச வேண்டாமென்று மாமியாரிடம் சொல்லிவிடவா? இங்கிலீஷை எப்போது ஆரம்பிப்பது? இன்னொன்று, சிரிக்காதீர்கள்: அப்பாவை ‘ஏனுங்க’ என்றே கூப்பிடுகிறான்.”

மாமியாரிடம் எதுவும் சொல்லாதீர்கள், அம்மிணி. அவர் மலையாளத்திலேயே கொஞ்சட்டும், கதை சொல்லட்டும், திட்டவும் செய்யட்டும். உங்கள் பையனுக்கு இப்போது கிடைக்கிற பேச்சில் பெரிய பங்கு அவர் வாயிலிருந்து வருகிறது. அதை அடைத்துவிட்டு ஒரு மொழியைக் காப்பாற்றினோம் என்று நினைப்பதில் லாபம் ஒன்றுமில்லை.

நானும் தமிழக எல்லையை ஒட்டிய பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் பிறந்து வளர்ந்தவன். பேச்சும் காதும் சம்பந்தப்பட்ட வேலைக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ‘ரெண்டு பாஷை பேசி குழந்தை குழம்பிப்போச்சுங்க’ என்று வந்த பெற்றோருக்குக் கணக்கில்லை. அப்படி வந்த குழந்தைகளில் ஒன்றுகூட மொழியால் குழம்பியதாக நான் பார்த்ததில்லை. பேச்சு நிஜமாகவே பின்தங்கியிருந்த குழந்தைகள் உண்டு. காரணம் வேறாக இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

குழந்தை நம்மிடம் வந்து சேரும்போதே வெறுங்கையோடு வருவதில்லை. வயிற்றுக்குள் கடைசி மூன்று மாதமும் அதற்குக் காது கேட்கும். வார்த்தை தெளிவாகக் கேட்காது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுவது நமக்கு எப்படி மொத்தையாகக் கேட்குமோ, அப்படி ஏற்ற இறக்கமும் தாளமும் மட்டும் உள்ளே போகும். அதுவே போதுமாக இருக்கிறது. பிறந்து இரண்டு மூன்று நாளே ஆன குழந்தைகள், ரப்பர் காம்பைச் சப்புகிற வேகத்தை மாற்றினால் அம்மா குரல் கேட்கும் என்று வைத்துப் பார்த்தார்கள். அம்மா குரலுக்காக வேகத்தை மாற்றின. இது 1980இல் வந்த ஆய்வு. 1988இல் பிரான்சில், நாலு நாள் குழந்தைகள் பிரெஞ்சையும் ரஷ்ய மொழியையும் வேறு வேறு என்று கண்டுகொண்டதைக் காட்டினார்கள். உங்கள் பையனும் வயிற்றில் இருக்கும்போதே உங்கள் பொள்ளாச்சி இழுப்பையும் மாமியாரின் நெம்மாறை இழுப்பையும் கேட்டிருப்பான்.

அடுத்து நடப்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியமாக இருக்கிறது. நம் ட வேறு, த வேறு. பாட்டு வேறு, பாத்து வேறு. இங்கிலீஷ் மட்டுமே தெரிந்த ஒருவரிடம் இந்த இரண்டையும் சொல்லிக் காட்டினால் ஒரே சத்தம்தானே என்பார். கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீசும் இதே வித்தியாசத்தை இந்தியிலிருந்து எடுத்து, இங்கிலீஷ் வீட்டுக் கைக்குழந்தைகளுக்குக் கேட்க வைத்தார்கள். ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கும். சத்தம் மாறியதும் ஓரத்தில் ஒரு பொம்மை ஆடும். மாறியதைக் கண்டுபிடித்த குழந்தை, பொம்மை ஆடப்போகிறது என்று முன்கூட்டியே தலையைத் திருப்பும். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலானவை திருப்பின. அவற்றின் அப்பா அம்மாவுக்குக் கேட்காத வித்தியாசம் அவற்றுக்குக் கேட்டது! பத்து முதல் பன்னிரண்டு மாதத்தில் சோதித்தபோது ஒன்றிரண்டு தவிர மற்றவை கண்டுகொள்ளவே இல்லை. 1984இல் இது வெளிவந்தது. முதல் வருஷத்தில் குழந்தை கற்றுக்கொள்கிறது என்று மட்டும் நினைக்கிறோம். வேண்டாததை விட்டுவிடுவதும் அந்த வருஷத்தில்தான் நடக்கிறது. தன்னைச் சுற்றியிருப்பவர்கள் எதை வேறுபடுத்திப் பேசுகிறார்களோ, அந்தக் காது தங்கும், மற்றது மங்கும்.

இதை நம் எல்லை ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். தமிழும் மலையாளமும் சேர்ந்து கேட்கிற பிள்ளைக்கு இரண்டுக்கும் வேண்டிய காது தங்கிவிடுகிறது. ‘இந்தியும் இங்கிலீஷும் என்றால் சரி, தமிழும் மலையாளமும் ரொம்ப நெருக்கமாச்சே, அங்கேதானே குழப்பம் வரும்?’ என்று சிலர் கேட்பார்கள். நியாயமான சந்தேகம்தான். நம்மைப் போலவே நெருங்கிய இரண்டு மொழி பேசுகிற ஊர் பார்சிலோனா. அங்கே கத்தலானும் ஸ்பானிஷும். நாலு மாதக் குழந்தைகளே அந்த இரண்டையும் பிரித்துக் கேட்கின்றன என்று 1997இல் அங்கே காட்டினார்கள். இரண்டும் பேசுகிற வீட்டுக் குழந்தைகளும் அப்படியே.

சரி, சத்தம் பிடிபட்டது. வார்த்தை எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது? எழுத்தில் நாம் இடைவெளி விடுகிறோம், பேச்சில் விடுவதில்லை. தென்னந்தோப்பு வேலைக்கு வந்திருக்கிற ஒடியாக்காரர்கள் சாயங்காலம் டீக்கடையில் உட்கார்ந்து பேசுவதைக் கேளுங்கள். ஒரே நூலாக ஓடும், எங்கே அறுப்பது என்று தெரியாது. குழந்தைக்கு நம் பேச்சும் அப்படித்தான் விழுகிறது. 1996இல் ஜென்னி சாஃப்ரனும் கூட்டாளிகளும் எட்டு மாதக் குழந்தைகளுக்கு ‘பிடாகு, படோட்டி, கோலாபு’ என்கிற மாதிரி அர்த்தமில்லாத சொற்களை இடைவெளியே இல்லாமல், ஏற்ற இறக்கமும் இல்லாமல் இரண்டு நிமிஷம் ஓடவிட்டார்கள். ‘பிடா’வுக்குப் பின்னால் எப்போதும் ‘கு’ வரும். ‘கு’வுக்குப் பின்னால் எது வேண்டுமானாலும் வரலாம். இந்தக் கணக்கை மட்டும் வைத்து எது சொல், எது வெட்டுத்துண்டு என்று குழந்தைகள் பிரித்துவிட்டன. இரண்டே நிமிஷம். நாம் கூடவே ஒத்தாசையும் செய்கிறோம். குழந்தையிடம் பேசும்போது குரல் தானாக மேலே ஏறுகிறது, இழுத்துப் பேசுகிறோம், சொன்னதையே சொல்கிறோம். ‘மம்மு சாப்பிடலாமா, மம்மு? யாருக்கு மம்மு?’ ஒரு சொல் மூன்று முறை, மூன்று இடத்தில். உங்கள் மாமியார் ‘வாவாவோ’ என்று தூங்க வைப்பதும், அடிபட்ட இடத்தை ‘உவ்வாவு’ என்று ஊதிவிடுவதும் இந்த வகைதான். மழலையில் பேசினால் பிள்ளை கடைசிவரை மழலையிலேயே நின்றுவிடும் என்று பயமுறுத்துகிறவர்களை நம்ப வேண்டாம்.

ஆனால் ஒன்று: பேசுவது ஆளாக இருக்க வேண்டும். பெட்டி பேசினால் பிரயோஜனமில்லை. அமெரிக்காவில் பட்ரீசியா கூல் 2003இல் செய்து பார்த்தார். ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீன மொழி பேசுகிறவர்கள் தரையில் உட்கார்ந்து பொம்மை காட்டி, புத்தகம் படித்து விளையாடினார்கள். மொத்தம் பன்னிரண்டு தடவை. அந்தக் குழந்தைகள் சீனச் சத்தங்களைப் பிரித்துக் கேட்கக் கற்றுக்கொண்டன. இன்னொரு கூட்டத்துக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் டிவியில். ஒன்றும் ஏறவில்லை. ரைம்ஸ் வீடியோவைப் போட்டுவிட்டுச் சமையல் செய்கிற அம்மாக்களை நான் திட்ட மாட்டேன், அந்த அரைமணி நேரம் எவ்வளவு அருமையானது என்று எனக்கும் தெரியும். அது மொழிப் பாடம் என்று மட்டும் நினைக்காதீர்கள். இரண்டு வயது ஆகாத குழந்தைக்குத் திரையே வேண்டாம், அதற்கு மேல் நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது.

ஒரு வயதை ஒட்டி முதல் சொல் வரும். அதற்குப் பல மாதம் முன்பே புரிந்துகொள்ள ஆரம்பித்துவிடுவார்கள். வாய் எப்போதும் காதுக்குப் பின்னால்தான் வரும். இதை மறந்துவிட்டுத்தான் பெற்றோர்கள் பதறுகிறார்கள். எங்கள் அக்கா பையன் ஒன்றரை வயதில் செய்த கூத்தைச் சொல்கிறேன். பக்கத்து வீட்டில் ஒரு நாய். அந்த வீட்டுக் குழந்தைகள் மலையாளத்தில் ‘பட்டி, பட்டி’ என்று கூப்பிடும். எங்கள் வீட்டில் அவனுக்கு என் அம்மா பாட்டி. நெடிலும் குறிலும் அவன் வாயில் ஒழுங்காக நிற்காது. ஒரு நாள் நாயைப் பார்த்துக் கும்பிட்டு ‘பாட்டி’ என்றான். திண்ணையில் சொந்தக்காரர்கள் நாலு பேர் நடுவில் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்து ‘பட்டி, வா’ என்றான். அம்மா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். ஆனால் நாம் ‘பாட்டி எங்கே?’ என்று கேட்டால் அவன் ஒருமுறைகூட நாயைக் காட்டியதில்லை. தலைக்குள் இரண்டும் தனித்தனியாகத்தான் இருந்தன.

காக்காய் கதையும் இப்படித்தான். க என்கிற சத்தம் தொண்டைப் பக்கம் பிறப்பது. பல பிள்ளைகளுக்கு அது முன்னால் வந்து த ஆகிவிடும். காக்கா தாத்தா ஆகிவிடுகிறது. என் அறைக்கு வந்த ஒரு பெண்குழந்தை, ஜன்னலில் உட்கார்ந்த காக்காயைக் காட்டி ‘தாத்தா! தாத்தா!’ என்றது. நானும் ‘ஆமா, தாத்தா வந்திருக்கு’ என்றேன். முகம் சுளித்துக்கொண்டு, தலையை ஆட்டி, இன்னும் உரக்க ‘தாத்தா!’ என்றது. ‘ஓ, காக்காயா?’ என்றதும் ஒரே சிரிப்பு. நான் தப்பாகச் சொன்னது அதற்குத் தெரிகிறது. தான் சொல்வதும் அப்படித்தான் விழுகிறது என்பது தெரிவதில்லை. (அமாவாசைக்குக் காக்காய்க்குச் சோறு வைக்கிற நாம் அந்தக் குழந்தையைத் தப்பு சொல்ல முடியுமா என்பது வேறு விஷயம்.) ர, ற, ழ எல்லாம் இன்னும் மெதுவாக வரும். மூன்று வயதில் ‘வாயப்பயம்’ என்றால் கவலைப்படாதீர்கள். பெரியவர்களிலேயே பாதிப் பேர் வாளப்பளம் என்றுதான் விற்கிறார்கள்.

இப்போது உங்கள் பையன் சொன்ன இரண்டு வாக்கியத்துக்கு வருவோம். நீங்கள் குழப்பத்துக்கு அடையாளமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது பரிசு கொடுக்க வேண்டிய விஷயமாகத் தெரிகிறது.

‘பூச்ச ஓடிருச்சு.’ பூச்ச மலையாளம். மீதியெல்லாம் சுத்தமான தமிழ். அதிலும் பாருங்கள், பூனை அஃறிணை, அதனால் ‘உச்சு’ போட்டிருக்கிறான். ஓடிட்டான் என்றோ ஓடிட்டா என்றோ சொல்லவில்லை. இரண்டேகால் வயதில் திணை பார்த்து விகுதி போடுகிறான்! மலையாளத்தில் இந்த வேலையே கிடையாது. ஞான் வன்னு, நீ வன்னு, அவன் வன்னு. யார் வந்தாலும் ‘வன்னு’தான். தமிழில் வந்தேன், வந்தே, வந்தான், வந்தா, வந்தாங்க, வந்துச்சு. அச்சம்மாவிடம் போனால் அதே பையன் ‘பூச்ச போயி’ என்கிறான். விகுதி ஒட்டாத மலையாள வினை. யாரிடம் எந்தக் கட்டுமானம் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. நிஜமாகவே குழம்பியிருந்தால் உங்களிடம் ‘பூச்ச போயி’யும் அவரிடம் ‘ஓடிருச்சு’வும் மாறி மாறி விழ வேண்டும். பூனைக்கு மட்டும் ஏன் இரண்டு இடத்திலும் பூச்ச? அந்தப் பூனைக்கு மீன்தலை போடுவது உங்கள் மாமியாராக இருக்கும். பூனையை அவன் தெரிந்துகொண்டதே மலையாளத்தில்தான், அவ்வளவுதான்.

நடுவில் ஒன்று. தமிழில் இப்படி ஒட்டிக்கொண்டே போகிற விகுதிகள் பிள்ளைகளுக்குக் கஷ்டம் என்று நாம் நினைப்போம். பரிமளா ராகவேந்திராவும் லாரன்ஸ் லெனார்டும் தமிழ்க் குழந்தைகளின் பேச்சைப் பதிவு செய்து 1989இல் எழுதியது இதற்கு நேர்மாறு: விகுதிகள் சீக்கிரம் வருகின்றன, பிழையும் குறைவு. துருக்கி மொழிப் பிள்ளைகளிடமும் அதற்கு முன்பே இதைப் பார்த்திருந்தார்கள். இங்கிலீஷ் பிள்ளைகள் வினைச்சொல்லின் வாலைப் பல மாதம் விட்டுவிட்டுப் பேசுவார்கள். நம் விகுதி சொல்லின் கடைசியில் நின்று, முழு அசையாகத் தெளிவாகக் காதில் விழுகிறது. அதுதான் நம் பிள்ளைகளுக்கு வசதி என்று நினைக்கிறேன்.

கேட்டதைத் திருப்பிச் சொல்வதுதான் மொழி கற்பது என்று நினைப்பவர்களுக்கு என் அக்கா மகளின் ‘நில்லுனே’ ஒன்று போதும். மூன்று வயதில் அவள், ‘நான் அங்கயே நில்லுனே’ என்பாள். அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை, ஊரிலும் கேட்டதில்லை. தூங்கு என்றால் தூங்குனே, வாங்கு என்றால் வாங்குனே. அப்படியென்றால் நில்லு என்றால் நில்லுனே. தானாக ஒரு விதி கண்டுபிடித்து அதை ஒழுங்காகப் போட்டிருக்கிறாள். தமிழ்தான் அந்த இடத்தில் ஒழுங்கு தப்பி ‘நின்னேன்’ என்கிறது. நான் திருத்திப் பார்த்தேன், தொழில் புத்தி. ‘நின்னேன்னு சொல்லு.’ ‘நின்னேன்.’ ‘எங்கே நின்னே?’ ‘வாசல்ல நில்லுனே.’ மூன்று தடவை முயன்று விட்டுவிட்டேன். நாலு மாதம் கழித்து அவளாகவே நின்னேன் என்று ஆரம்பித்தாள், யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. குழந்தைக்கு மொழி எவ்வளவு வெளியிலிருந்து வருகிறது, எவ்வளவு உள்ளேயே இருக்கிறது என்று, வெளியிலிருந்து என்ற உளவியலாளர் ஸ்கின்னர், உள்ளேயே என்ற மொழியியலாளர் சோம்ஸ்கி காலத்திலிருந்து, அதாவது 1950களின் கடைசியிலிருந்து, சண்டை நடக்கிறது. இன்னும் முடியவில்லை. வீட்டில் பிள்ளை வளர்க்கிறவருக்கு அந்தத் தீர்ப்பு வேண்டியதில்லை. திருத்தினால் திருந்தாது, பேசப் பேசத் திருந்தும் என்பது தெரிந்தால் போதும்.

அதனால் ‘பூச்ச ஓடிருச்சு’ என்றால் ‘பூச்ச இல்ல, பூனைன்னு சொல்லு’ என்று மறிக்காதீர்கள். ‘ஆமா சாமி, பூனை ஓடிருச்சு. மதில் மேல ஏறிருச்சு, பாருங்க’ என்று பேச்சை அடுத்த படிக்குக் கொண்டுபோங்கள். சரியான சொல் அவன் காதில் விழுந்துவிடும், அவன் சொல்ல வந்ததும் தடைபடாது. விருந்தாளிகள் முன்னால் நிற்க வைத்து ‘அது சொல்லு, இது சொல்லு’ என்று பரீட்சை வைப்பதையும் நிறுத்துங்கள். எனக்கும் உங்களுக்கும் அப்படி யாராவது செய்தால் வாயே திறக்க மாட்டோம்.

கலப்பதைப் பற்றி இன்னும் கொஞ்சம். 1956இல் மாநிலம் பிரிப்பதற்கு முந்தியே, சித்தூர் கொச்சி ராஜ்யத்தில் இருந்த காலத்திலேயே, இங்கே இரண்டு மொழியும் அடுத்தடுத்த வீட்டில் இருந்தவை. நம் பெரியவர்கள் சந்தையில் ஒரே வாக்கியத்தில் இரண்டையும் பேசித்தான் மாடு பிடித்தார்கள். நீங்களே மாமியாரிடம் பேசும்போது எத்தனை மலையாளச் சொல் விழுகிறது என்று ஒரு நாள் கவனியுங்கள். பெரியவர் கலந்தால் சாமர்த்தியம், பிள்ளை கலந்தால் குழப்பமா? பிள்ளைக்கு ஒரு மொழியில் சொல் கைக்கு எட்டவில்லையென்றால் மற்றதிலிருந்து எடுத்துக்கொள்கிறது. இரண்டு மொழியும் ஆரம்பத்தில் ஒரே மூட்டையாகக் கிடக்கும், பிறகுதான் பிரியும் என்று 1978இல் ஒரு கட்சி இருந்தது உண்மைதான். 1989இல் ஃப்ரெட் ஜெனிசி என்கிற ஆய்வாளர் அதைக் கேள்வி கேட்டு எழுதினார். அதற்குப் பின் வந்த வேலையெல்லாம் பெரும்பாலும் ஆரம்பத்திலிருந்தே பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள் என்ற பக்கமே சாய்கிறது. ஆளுக்கு ஒரு மொழி என்று கறாராகப் பிரிக்கிற முறை பிரெஞ்சு மொழியியலாளர் ரோஞ்ஜா தன் மகனை வளர்த்து 1913இல் எழுதியது. நல்ல முறைதான். ஆனால் உங்கள் வீட்டில் யாரும் திட்டம் போடாமலே அது நடக்கிறது. நீங்கள் தமிழ், அச்சம்மா மலையாளம். வீட்டுக்காரர் இரண்டும் பேசினால் பேசட்டும், போலீஸ் வேலை பார்க்க வேண்டாம்.

பொள்ளாச்சியில் உங்கள் அம்மா வீட்டுக்குப் போய் ‘வெள்ளம், வெள்ளம்’ என்று கத்தினால் அவனுடைய அமுச்சி, அதாவது உங்கள் அம்மா, ‘ஆழியாறு அணை உடைஞ்சுபோச்சா?’ என்று சிரிப்பார். சிரிக்கட்டும். ‘தண்ணி வேணுமா?’ என்று கேட்டுக் கொடுத்தால், ஒரு வாரத்தில் அங்கே தண்ணி, இங்கே வெள்ளம் என்று பிரித்துக்கொள்வான்.

நாற்பது வார்த்தைக் கணக்கு தப்பு. இரண்டு மொழியையும் சேர்த்து எண்ண வேண்டும். அச்சம்மாவை உட்கார வைத்து, காலண்டர் தாளின் பின்பக்கம் அவனுடைய மலையாளச் சொற்களை எழுதச் சொல்லுங்கள். தண்ணி ஒன்று, வெள்ளம் இன்னொன்று. அமெரிக்காவில் மயாமியில் ஸ்பானிஷும் இங்கிலீஷும் பேசுகிற வீட்டுப் பிள்ளைகளை இப்படிச் சேர்த்து எண்ணிப் பார்த்து, ஒரு மொழிப் பிள்ளைகளுக்குக் குறைவில்லை என்று 1993இல் எழுதினார்கள். ஒரு மொழியை மட்டும் எண்ணினால் குறைவாகத்தான் தெரியும். இடது பையை மட்டும் துழாவிப் பார்த்துவிட்டுக் காசில்லை என்று சொல்கிற கதை.

இப்போது பயப்பட வேண்டிய இடம். இதில் நான் விளையாட மாட்டேன். ஒரு வயதாகியும் ‘பாபா, தத்தா’ என்று அடுக்கிப் பேசாத குழந்தை, விரல் நீட்டி எதையும் காட்டாத, டாட்டா காட்டாத குழந்தை. 16 மாதமாகியும் ஒரு சொல்கூட இல்லாத குழந்தை. இரண்டு வயதாகியும் ‘அம்மா வா’ போல இரண்டு சொல்லைத் தானாகச் சேர்க்காத குழந்தை. எந்த வயதிலும், பேசிக்கொண்டிருந்ததை விட்டுவிட்ட குழந்தை. இவர்களைக் காட்டியே ஆக வேண்டும். வீட்டில் ஒரு மொழியா, மூன்று மொழியா என்பது இதில் கணக்கே இல்லை. உங்கள் பையன் இரண்டு சொல் சேர்த்துப் பேசுகிறான், அதனால் இந்தப் பட்டியலில் இல்லை.

காட்டுவது என்றால் முதலில் காதைக் காட்ட வேண்டும். என்னிடம் ஒரு பையனை மூன்று வயதில் கொண்டுவந்தார்கள். ஒன்றரை வயதிலேயே அம்மாவுக்குச் சந்தேகம். எங்கோ ஓரிடத்தில், ‘வீட்ல ரெண்டு மொழி பேசறீங்க, அதான், ஒண்ணை நிறுத்துங்க’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர்களும் தாத்தாவை மலையாளம் பேசாதே என்று வாயடைத்துவிட்டு ஒன்றரை வருஷம் காத்திருந்தார்கள். பேரா டெஸ்ட் (சத்தத்துக்கு மூளை பதில் கொடுக்கிறதா என்று பார்க்கிற காதுச் சோதனை) எடுத்தால் இரண்டு காதிலும் கேட்கும் திறன் வெகுவாகக் குறைவு. கைக்குழந்தையில் ‘ஆ, ஊ’ என்று நன்றாகச் சத்தம் போட்டானே என்று அம்மா அழுதார். காது கேட்காத குழந்தையும் முதல் சில மாதம் அப்படிச் சத்தம் போடும். அதற்குப் பிறகு ‘பாபாபா’ என்று அடுக்குவதில்தான் பின்தங்கும். அது தெரியாததால் போன ஒன்றரை வருஷம். அந்தத் தாத்தா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: ‘இனி ஞான் மிண்டாமோ?’ நான் பேசலாமா என்று. இரண்டு மொழிமேல் பழி போடுகிறவர்கள் மேல் எனக்கு வருகிற கோபம் அன்றைக்கு ஆரம்பித்தது.

சளி பிடித்து அடிக்கடி காது வலி வருகிற பிள்ளைகளுக்கும் ஒரு சோதனை எடுத்துவிடுவது நல்லது. வலியில்லாத சோதனைதான், தூங்கும்போதே எடுத்துவிடுவார்கள். பெரிய சந்தேகம் என்றால் திருவனந்தபுரத்தில் நிஷ் என்கிற தேசியப் பேச்சு கேட்பு நிறுவனம் இருக்கிறது, மைசூரில் 1965இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு கேட்பு நிறுவனம் இருக்கிறது.

இங்கிலீஷ் அவசரமில்லை. அது பள்ளிக்கூடத்தில் வரும், வராமல் விடாது. வீட்டில் யாருக்காவது இங்கிலீஷில் கதை சொல்லவும் கேலி செய்யவும் முடியுமென்றால் தாராளமாகப் பேசலாம். ‘கம், சிட், ஈட், டோன்ட் டச்’ என்று நாய்க்குட்டி பழக்குகிற நாலு கட்டளைதான் வருமென்றால், அதற்காக நன்றாக வருகிற தமிழை நிறுத்துவது எனக்குப் புரியாத கணக்கு. அடுத்த வருஷம் அங்கன்வாடிக்குப் போனால் மலையாளம் கூடும், தமிழ் கொஞ்சம் பின்னால் போகும். அப்போதும் பதற வேண்டாம். நீங்கள் பேசுவதை நிறுத்தாமலிருந்தால் பேச்சு தங்கும். எழுத்து மட்டும் தானாக வராது. ஐந்து வயதில் நீங்கள்தான் உட்கார வைத்து அ, ஆ எழுத வைக்க வேண்டியிருக்கும்.

கடைசியாக அந்த ‘ஏனுங்க’. நான் சிரித்தேன், மன்னியுங்கள். அவன் பக்கத்திலிருந்து பாருங்கள். இந்த வீட்டில் அதிகம் பேசுகிற ஆள் நீங்கள். நீங்கள் ‘ஏனுங்க’ என்றால் ஒரு மனிதர் திரும்பிப் பார்க்கிறார், ஒவ்வொரு தடவையும். அப்படியென்றால் அதுதானே அவர் பெயர்? உறவுச்சொல் பெயர் மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை, கூப்பிடுகிற ஆளுக்குத் தகுந்தபடி மாறும் என்பது கொஞ்சம் கஷ்டமான பாடம். நான், நீ என்பதும் அதே வகை. அதனால்தான் அவன் தன்னை நான் என்று சொல்லாமல் இன்னும் ‘பாப்பா’ என்றே சொல்லிக்கொண்டிருப்பான். பக்கத்து மலையாள வீடுகளில் அம்மாவைக் கேட்டு அப்பாவை ‘ஏட்டா’ என்று கூப்பிடுகிற பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். அவன் முன்னால் மட்டும் ‘அப்பாவைக் கூப்பிடு, அப்பா வந்தாச்சு’ என்று சொல்லிப் பாருங்கள், மூன்று வயதுக்குள் மாறிவிடும். அதுவரைக்கும் உங்கள் வீட்டுக்காரர் ‘ஏனுங்க’ என்றால் இரண்டு பேருக்கும் திரும்பிப் பார்க்கட்டும்.